கடைசிப் பெட்டியின் கோளாறு

நவம்பர் 3, திங்கள்

மூன்று வருடம் வரிசையில் நின்று வாங்கிய ஆறு நாள் இன்று காலை தொடங்கியது. துகள் முடுக்கியிலிருந்து அணுக்கருக் கற்றை வந்துவிட்டது. இனி சனிக்கிழமை வரை என் உலகம் கவுண்டிங் ரூம் என்கிற ஜன்னல் இல்லாத கட்டுப்பாட்டு அறை, விடுதி அறை, ராஜ்மா. வடக்கே வந்து ஐந்து வருடமாகியும் எனக்கும் ராஜ்மாவுக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். தலைவர் ஆவுடையப்பன் சார், திருநெல்வேலிக்காரர், மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். தமீம் அண்ணன், காயல்பட்டினம், கடைசிப் பெட்டி என்று நாங்கள் சொல்லும் டிடெக்டரைத் தன் கையால் கட்டியவர். அப்புறம் நான், பியூலா, நாசரேத், வயது முப்பத்து மூன்று, ஒப்பந்தம் ஜூன் வரை.

செய்கிற வேலையை அப்பாவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இங்கேயும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். கற்றை இலக்கில் மோதி அணுக்கருத் துண்டுகள் சிதறுகின்றன. எங்கள் பேச்சில் துண்டு ஒவ்வொன்றும் ஓர் ஆள். காந்தத்துக்குள் வருகிற ஆள் வளைந்துதான் போக வேண்டும். எவ்வளவு வளைந்தான், எவ்வளவு நேரத்தில் ஓடி முடித்தான், வாயு நிறைந்த பெட்டியைக் கடக்கும்போது எவ்வளவு ஆற்றலைத் தொலைத்தான், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இன்னார் என்று சொல்லிவிடலாம்.

பெரும்பாலும் சொல்லிவிடலாம். காந்தத்துக்கு ஒரு குறை உண்டு. அது எடையைப் பார்ப்பதில்லை, எடையை மின்னூட்டத்தால் வகுத்து வரும் எண்ணைத்தான் பார்க்கும். எலக்ட்ரான்களை எல்லாம் உதறிவிட்டு வரவேண்டிய ஆள் சில சமயம் ஒன்றை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு வருவான். மின்னூட்டம் ஒன்று குறையும், வளைவதும் குறையும். உடனே காந்தம் அவனை மூன்று நியூட்ரான் கூடுதலாக உள்ள வேறொருவன் என்று நம்பிவிடும். இந்த ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கத்தான் கோடியில் தமீம் அண்ணனின் தடித்த பெட்டி இருக்கிறது. வருகிற ஆள் அதில் முட்டி நின்றுவிடுவான். அவனிடம் மிச்சமிருந்த ஆற்றல் மொத்தமும் அங்கே தெரிந்துவிடும், அதை வைத்து எடையைத் தனியாகக் கணக்கிடலாம்.

நாங்கள் தேடுவது இதுவரை யாரும் பார்த்திராத, நியூட்ரான் மிகுந்த ஓர் அணுக்கரு. கிடைத்தால் சார் தலை நிமிர்ந்து ஓய்வு பெறுவார். எனக்கு ஜூனுக்கு அப்புறமும் வேலை இருக்கும்.

நவம்பர் 5, புதன்

தமீம் அண்ணன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மனைவிக்குப் பிரசவ தேதி இரண்டு வாரம் தள்ளி என்றுதான் சொல்லியிருந்தார்கள். இன்று காலையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்.

போகும்போது சொன்னார். “எம் பெட்டிய உன்னட்ட விட்டுட்டுப் போறேம்மா. அது கொஞ்சம் மெதுவாத்தான் எழுதும். அவசரப்படுத்தாத. என்ன சந்தேகம்னாலும் போன் போடு. நான் பிரசவ ரூம் வாசல்ல நின்னாலும் எடுப்பேன்.”

ஒரு பெட்டியைக் கட்டினவரைக் கேட்காமல் அதைப் பதிவிலிருந்து எடுக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று மாலை காந்தத்தை நாங்கள் தேடும் அணுக்கருவுக்கு ஏற்றபடி மாற்றி வைத்தோம். இனி இருப்பது ஒன்றரை நாள். காலை ஷிஃப்ட் என்னுடையது.

பத்துப் பேர் வந்தால் ஆறு பேர்தான் பதிவாகிறார்கள். கடைசிப் பெட்டி எழுதி முடிக்கும்வரை மற்ற பெட்டிகள் எல்லாம் கைகட்டி நிற்கின்றன. மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய கற்றையில் பத்துக்கு நாலு சாக்கடையில் போகிறது. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது. எனக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே கிடையாது.

10.12க்குப் பதிவேட்டில் எழுதியது: ‘கடைசிப் பெட்டியில் இரைச்சல். பதிவிலிருந்து நீக்கப்பட்டது.’ இரைச்சல் போலத்தான் இருந்தது. தமீம் அண்ணனுக்குப் போன் போடவில்லை. மனைவி வலியில் இருக்கும் நேரத்தில் ஒரு மனிதரை எத்தனை விஷயத்துக்குத்தான் தொந்தரவு செய்வது.

அதற்கப்புறம் பத்துக்கு ஒன்பதரை. மதியம் இரண்டு மணிக்கு முதல் ஆள் வந்தான். திரையில் இருந்த வரைபடத்தில் சரியாக எங்கே வரவேண்டுமோ அங்கே ஒரு புள்ளி. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

கற்றை நின்றது. மொத்தம் ஏழு பேர். தமீம் அண்ணனுக்கு நேற்று பெண் குழந்தை. சார் இரண்டுக்கும் சேர்த்து ஜிலேபி வாங்கினார்.

நவம்பர் 20, வியாழன்

துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. பனி.

தமீம் அண்ணன் பதினைந்தாம் தேதியே திரும்பிவிட்டார். வந்த அன்றே பெட்டியைச் சோதித்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிறது. அதுதான் அவருக்குக் கவலை. “வந்து போற கோளாறுதாம்மா மோசமானது. இருக்கிற கோளாற எப்பிடியும் பிடிச்சிரலாம்” என்கிறார். அடுத்த சோதனை பிப்ரவரியில். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார்.

இன்று தமீம் அண்ணன் என் மேசைக்கு வந்தார். கையில் நோட்டு. போன் போடாமல் பெட்டியை எடுத்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன மாதிரி இரைச்சல் பாத்த? குட்டி குட்டியா வந்துச்சா, பெருசா ஒண்ணா வந்துச்சா?”

“கலந்து வந்துச்சுண்ணே.”

“நேரம் போகப் போகக் கூடுச்சா?”

“ஆமா, லேசா.”

அவர் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்.

ஏழு பேரைப் பற்றிய கட்டுரையைச் சார் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். ‘கடைசி டிடெக்டர் கோளாறினால் பயன்படவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற மூன்று அளவுகளும் பொருந்துகின்றன. பொருந்தத்தான் செய்கின்றன.

டிசம்பர் 1, திங்கள்

ஒரு செய்தித்தாளுக்குச் சார் பேட்டி கொடுத்துவிட்டார். கட்டுரை இன்னும் ஏற்கப்படவே இல்லை. ஓய்வு பெறப் போகிறவருக்கு வாய் நிற்கவில்லை. பேட்டியில் என் பெயரும் ஊரும் இருக்கிறது.

அப்பா போன் செய்தார். “ஏட்டி, சர்ச்சுல ஐயர் ஆராதனையில எங்கள எழும்பி நிக்கச் சொல்லி உன்னயப் பத்திச் சொன்னாரு. நானும் உங்க அம்மையும் எந்திச்சு நின்னோம். ரோட்டு முக்குல உன் படத்தப் பெருசா வச்சிருக்காவ.”

“அத எடுக்கச் சொல்லுங்கப்பா.”

“எதுக்கு எடுக்கணும்? வெக்கப்படாத.”

எடுக்கச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. இருந்த காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. புலிவாலைப் பிடித்த கதைதான்.

டிசம்பர் 12, வெள்ளி

ஆய்விதழின் மதிப்பீட்டாளரிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கம் பாராட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ‘ஒரு எலக்ட்ரானோடு வந்த, மூன்று நியூட்ரான் குறைந்த பழைய அணுக்கருக்கள் இவை அல்ல என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?’

யாரோ முகம் தெரியாத மனிதர். என் கழுத்தில் கைவைத்துக் கேட்டது போல இருந்தது.

சார் அலட்டிக்கொள்ளவில்லை. அப்படி எத்தனை பேர் வந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டு, அது ஒன்றுக்கும் குறைவு என்று பதில் எழுதச் சொன்னார். போட்டேன். ஆறு என்று வந்தது. சில அனுமானங்களை மாற்றிப் போட்டேன். மூன்று என்று வந்தது. நாளைக்கு மறுபடி போட வேண்டும்.

தமீம் அண்ணன் கேபிள்களை எல்லாம் மாற்றிவிட்டார், கோளாறு கிடைக்கவில்லை. இப்போது பெட்டியையே முழுதாகப் பிரிக்கிறார். குழந்தையின் நாற்பதாம் நாளுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாராம். எப்படியும் வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்று நாற்பதாம் நாள். தமீம் அண்ணன் சொல்லவில்லை, நானே எண்ணிப் பார்த்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி (நாசரேத்)

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. கேக் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, “அந்த அணுவ எங்க வச்சிருக்க?” அது பிறந்து கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அழிந்துவிடும் என்று சொன்னால், “அப்பம் எதுக்குக் கண்டுபிடிச்ச?” என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. நியாயமான கேள்விதான்.

நான் கிளம்பும்போது தமீம் அண்ணன் ஒரு பொட்டலம் கொடுத்தார். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை. காயல்பட்டினம் பக்கந்தானே, கொடுத்துவிடு என்றார். காயல்பட்டினத்து வெக்கைக்குக் கம்பளிச் சட்டை. அங்கே குளிரில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிக்கிற மனிதருக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. தபாலில் அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். அப்பா இன்று பைக்கில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனைவி ருக்கையா தாய் வீட்டில்தான் இருக்கிறார். அந்த ஊரில் கல்யாணமான பெண்கள் தாய் வீட்டில்தான் இருப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருக்க வேண்டும். என் கையில் குழந்தையைக் கொடுத்தார். தமீம் அண்ணனின் நெற்றி அப்படியே இருக்கிறது.

“நாப்பதுக்கு வருவேன்னுதான் சொன்னாக,” என்றார் ருக்கையா. “அப்புறம் பெட்டிக் கோளாறு தீந்தபாடில்லன்னுட்டாக. ராத்திரி தூக்கத்துலயும் அதே நெனப்புதானாம். தன் கையால கட்டுனது இப்பிடித் தலகுனிய வச்சிருச்சேன்னு போன்ல அழுதாக. நீங்க பக்கத்துல இருக்கீயல்லா, கொஞ்சம் ஒத்தாச பண்ணுங்க.”

“பண்ணுதேன்” என்றேன்.

கொடுத்த தம்மடை இனிப்பைத் தொடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். நான் ஒரு கேடுகெட்டவள். அப்பா வழியெல்லாம் அந்தக் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 6, செவ்வாய்

ஆய்வகம் திரும்பினேன். காலை பதினொரு மணிக்குத் தமீம் அண்ணன் கிட்டத்தட்ட ஓடிவந்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

“எம் பெட்டி தூங்கவே இல்ல பியூலா. உள்ள நானே ஒரு சின்னப் பதிவு வச்சிருந்தேன், சோதனைக்காக. மறந்தே போச்சு. நவம்பர் ஏழு, எட்டு, ரெண்டு நாளும் வந்தவன் போனவன் எல்லாரயும் நேரத்தோட எழுதி வச்சிருக்கு. ஒரு இரைச்சலும் இல்ல. வெளிய வர்ற வழியிலதான் இரைச்சல் கலந்திருக்கணும்.”

பென் டிரைவை என் மேசையில் வைத்தார்.

“உன் ஏழு பேரும் இதுல இருப்பாங்க. எடையப் பாரு, அந்த மதிப்பீட்டாளர் வாய மூடிரலாம். நான் பாக்கல, மொதல்ல நீதான் பாக்கணும். உன் ஆளுங்கல்லா.”

என்னைக் காப்பாற்ற வந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அன்று 10.12 வரை வெளியே வந்த பதிவிலும் இரைச்சல் இல்லை என்று தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் தேடவில்லை. தேடத் தோன்றவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

திறக்கவில்லை. பல்வலி.

ஜனவரி 13, செவ்வாய்

திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தமீம் அண்ணன் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இப்போதெல்லாம் மெஸ்ஸுக்கு எல்லோரும் போய்வந்த பிறகு போகிறேன். நடைபாதையில் அவர் குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிச்சமிருப்பது என் அறையும் குளியலறையும்தான்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

விடுமுறை. யாருமில்லை. திறந்தேன்.

நேரத்தை வைத்து ஏழு பேரையும் பொருத்திப் பார்க்க அரை மணிதான் ஆயிற்று. ஏழு பேருக்கும் எடை மூன்று குறைகிறது. ஒருவன்கூட புதியவன் இல்லை. ஐம்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆட்கள், ஆளுக்கொரு எலக்ட்ரானை ஒட்டவைத்துக்கொண்டு வந்தவர்கள்.

அதற்கப்புறம் இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். ‘இரைச்சல் போலத்தான் இருந்தது’ என்று எழுதியிருக்கிறேன். இரைச்சலே இல்லை. அது எனக்கு அந்த நிமிடமே தெரியும். வேகம் வேண்டும் என்று எடுத்தேன். கேட்டால் அவர் கூடாது என்பார் என்றுதான் கேட்கவில்லை. என்னைத் தவிர வேறு யாரும் படிக்காத இதில்கூட நான் பொய்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யாருட்டயும் சொல்லலல்லா?”

“இல்ல சார்.”

“சரி. மார்ச் வரைக்கும் பொறு. நான் போனப்புறம் நீயே ஒரு திருத்தம் எழுதி அனுப்பு. அப்ப அனுப்பினா அது நேர்மை. இப்ப அனுப்பினா கேவலம்.”

“தமீம் அண்ணன் சார்?”

“திங்கக்கிழம கூட்டத்துல அந்தப் பெட்டிய அடுத்த சோதனையிலருந்து எடுத்துருவோம். அவனுக்கு நான் வேற இடத்துல வேலைக்குச் சொல்லுதேன். ஒரு பெட்டிதானம்மா.”

நாற்பது வருடம் ஆய்வு செய்தவர். காவலே களவாணியாகப் போன பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் முதலில் களவாணியானது நான்தான். சார் என் பின்னால்தான் வந்தார்.

வெளியே வரும்போது பாரம் குறைந்த மாதிரி ஒரு கணம் இருந்தது, அதையும் எழுத வேண்டும். சொல்லியாயிற்று, இனி சார் பொறுப்பு என்று ஒரு நிம்மதி. படி இறங்குவதற்குள் அதுவும் போய்விட்டது.

ஜனவரி 19, திங்கள்

கூட்டத்தில் பதினோரு பேர். மூன்றாவது விஷயம் கடைசிப் பெட்டி. ‘நம்பகத்தன்மை போதாது’ என்று சார் ஆங்கிலத்தில் படித்தார். அந்தப் பெட்டிக்குப் பதில் விலைக்கு ஒன்று வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கட்டினவரின் ஒப்பந்தம் பற்றித் தனியாகப் பேசலாம் என்று இன்னொருவர் சொன்னார்.

தமீம் அண்ணன் எழுந்தார். பெட்டியில் கோளாறு இல்லை, இரண்டு நாள் பதிவு இருக்கிறது, பியூலா சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். சொல்லிவிட்டு நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். எல்லோரும் திரும்பினார்கள். சார் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘இன்னும் முடியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். அது மார்ச் வரை தாங்கியிருக்கும். அந்த வாக்கியம் வாயில் தயாராகவே இருந்தது.

பெட்டியில் ஒருபோதும் கோளாறு இருந்ததில்லை என்றேன். வேகத்துக்காக நான்தான் அதை எடுத்தேன், பதிவேட்டில் எழுதியது பொய், ஏழும் பழைய அணுக்கருக்கள், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஐந்து வாக்கியம்தான். சார் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கூட்டம் அப்படியே கலைந்தது.

தமீம் அண்ணன் அவர் அறையில் இருந்தார். வாசலில் நின்றேன்.

“அப்ப நவம்பர்லயே உனக்குத் தெரியும்,” என்றார்.

“தெரியும்ண்ணே.”

“குட்டியாவும் பெருசாவும் கலந்து வந்துச்சுன்னு சொன்னியே.”

“பொய்ண்ணே.”

“எம் புள்ளைய கையில வச்சிருந்தேன்னு வந்து சொன்ன. அப்பவும் தெரியும்.”

அவர் கத்தவில்லை. அணுக்கருவைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் இல்லாமல் தனக்கே கணக்குப் பார்ப்பது போலச் சொன்னார்.

“பொறந்து எழுவத்தி நாலு நாளாச்சு. அதுல எட்டு நாள் பாத்திருக்கேன்.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். “கதவச் சாத்திட்டுப் போம்மா” என்றார்.

சாத்திவிட்டு வந்தேன்.